உயரத்திலிருந்து குறுக்கு வில்: ஏலமலைச் சரிவில் குறி தப்பாமல் எய்ய முழுமையான வழிகாட்டி

மேட்டில் நின்று பள்ளத்தில் இருக்கும் இலக்கை நோக்கி எய்தால் அம்பு பெரும்பாலும் இலக்குக்கு மேலே போய் விழுகிறது. குமுளி, வண்டன்மேடு, கம்பமெட்டு பக்கம் குறுக்கு வில் (துப்பாக்கிபோலக் கட்டையின் மேல் குறுக்காகப் பொருத்திய வில், கிராஸ்போ) எடுத்துப் பழகுகிறவர்கள் முதலில் திணறுவது இந்த இடத்தில்தான். சமதரையில் மையத்தில் குத்திய அம்பு, சரிவில் ஒரு சாண் ஏறிப் போகிறது. உடனே ஸ்கோப்பை, அதாவது குறிபார்க்கும் குழாயை, திருகத் தொடங்கிவிடுவார்கள். ஸ்கோப்பில் ஒரு கோளாறும் இருக்காது. கோளாறில் ஒரு பங்கு தூரக் கணக்கில் இருக்கிறது, பெரும்பங்கு இடுப்பில் இருக்கிறது. இரண்டையும் முறையாகச் சரிசெய்யும் வழி இங்கே.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இது பஞ்சு இலக்கிலும் ஃபோம் இலக்கிலும் எய்வதற்கான வழிகாட்டி. மரத்தில் மேடை கட்டி, பதினைந்து இருபது அடி உயரத்திலிருந்து குறுக்கு வில்லால் மான் வேட்டையாடுவது அமெரிக்காவின் பல மாநிலங்களில் சட்டப்படி நடக்கிறது. கருவிகளும் உத்திகளும் அங்கிருந்துதான் வளர்ந்தன. இங்கே 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. கொல்வது மட்டுமல்ல, பிடிப்பது, பொறி வைப்பது, விரட்டுவது, அதற்கு முயல்வது எல்லாமே அந்தச் சட்டத்தில் வேட்டைதான். காட்டுப்பன்றி மரச்சீனிக் கிழங்கைத் தோண்டிப் போடுகிறது என்ற கோபம் நியாயமானது. 2022-ல் கேரள அரசு பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுத்தது உண்மை. ஆனால் அது உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரர்களை வைத்து, விதிகளுக்கு உட்பட்டு நடப்பது. குறுக்கு வில்லோடு பரணில் ஏறி உட்கார அது அனுமதி ஆகாது. பெரியாறு புலிகள் காப்பகம் போன்ற இடங்களுக்குள் அனுமதியில்லாமல் ஆயுதத்தோடு நுழைவதே தனிக் குற்றம். வில்லை வாங்கும் முன் உங்கள் காவல் நிலையத்திலும் பக்கத்து வில்வித்தை கிளப்பிலும் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். மாநில எல்லை தாண்டி எடுத்துப் போகும்போது பில்லும் கிளப் கடிதமும் கையில் இருக்கட்டும். செக்போஸ்ட்டில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியிருக்காது.

மேடு பள்ளத்தில் எய்வதே ஒரு விளையாட்டு என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். உலக வில்வித்தைக் கூட்டமைப்பின் ஃபீல்ட் போட்டியில் காட்டுப் பாதையில் நடந்தபடி 24 இலக்குகளை எய்வார்கள். சில ஏற்றத்தில் இருக்கும், சில இறக்கத்தில் இருக்கும், சிலவற்றுக்குத் தூரமே சொல்ல மாட்டார்கள். கையால் நாண் இழுக்கும் ரீகர்வ் (முனை வெளிப்பக்கம் வளைந்தது), காம்பவுண்டு (உருளை வைத்தது) வில்களுக்கு அதிகபட்சம் 60 மீட்டர். நம் மலைக்கு இதைவிடப் பொருத்தமான விளையாட்டு எனக்குத் தெரியவில்லை. 1802-ல் ஆங்கிலேயரின் பனமரம் கோட்டையைத் தாக்கிய, பழசி ராஜாவின் தளபதி தலக்கல் சந்துவின் குறிச்சியர் பழங்குடிப் படை கையில் வைத்திருந்தது வில்லைத்தான். வயநாட்டில் அந்த வித்தை இன்றும் இருக்கிறது.

இடம் பார்ப்பது

ஏலத்தோட்டத்தின் பெரிய ஆபத்து அதன் இலை. ஏலச்செடி ஆளைவிட உயரமாக வளரும். அதனடியில் குனிந்து காய் எடுப்பவர் மேலிருந்து பார்த்தால் தெரியவே மாட்டார். அதனால் வேலை நடக்கும் தோட்டத்தில், அது சொந்தத் தோட்டமாகவே இருந்தாலும், எய்ய வேண்டாம். தரிசாகக் கிடக்கும் சரிவு, கல் எடுத்துக் கைவிட்ட பள்ளம், மரம் வெட்டித் திறந்த இடம், இப்படி முழுவதும் கண்ணுக்குத் தெரிகிற இடமாகப் பாருங்கள். நடைபாதை குறுக்கே போகக் கூடாது. இரண்டு பக்கமும் சிவப்புத் துணி கட்டுங்கள். ஒவ்வொரு முறை எய்யும் முன்பும் விசில் ஊதுங்கள். லயத்து (தொழிலாளர் குடியிருப்பு) பிள்ளைகள் வேடிக்கை பார்க்க வருவார்கள், வரத்தான் செய்வார்கள். அவர்கள் உங்களுக்குப் பின்னால் உட்கார்ந்த பிறகுதான் நாண் ஏற்ற வேண்டும்.

இறக்கத்தில் எய்யும்போது மண்ணே தடுப்பாக அமைவது நல்லது. ஆனால் கோணம் குறைவாக இருந்தால் தப்பிய அம்பு பாறையில் உரசி எகிறும். ஏற்றத்தில் எய்தால் இன்னும் கவனம் வேண்டும். இலக்குக்குப் பின்னால் மண்மேடு இல்லாமல் வானம் தெரிந்தால் எய்யவே கூடாது. குறுக்கு வில்லின் அம்பு சில நூறு மீட்டர் பறக்கக்கூடியது.

இலக்கை வைக்கும் விதமும் ஒரு வேலை. ஃபோம் கட்டையை நேராக நிறுத்தினால் மேலிருந்து வரும் அம்பு சாய்வாக நுழைந்து அடிப்பக்கம் கிழித்துக்கொண்டு வெளியேறும், இல்லாவிட்டால் மேல் விளிம்பில் வழுக்கிப் போகும். கட்டையின் முகத்தை உங்களை நோக்கி மேலே சாய்த்து, பின்னால் கல் முட்டுக் கொடுங்கள். அம்பு முகத்தில் செங்குத்தாக இறங்க வேண்டும்.

கருவி

குறுக்கு வில்லில் இரண்டு வகை. ரீகர்வ் எளியது. நாண் அறுந்தால் வீட்டிலேயே மாற்றலாம், ஆனால் அகலம் அதிகம். காம்பவுண்டு வகையில் உருளைகள் இருப்பதால் வில் குறுகலாக இருக்கும், வேகம் கூடும், பழுது பார்க்க மட்டும் கடைதான் கதி. பரணிலிருந்து எய்பவருக்கு அகலம் குறைந்ததே நல்லது, காரணம் பின்னால் வருகிறது. வாங்கும்போது வேகத்தை மட்டும் பார்க்காதீர்கள். அம்பு வைக்காமல் விசையை (டிரிகரை) இழுத்தால் வில் நொறுங்கிப்போகும். அதைத் தடுக்கும் பூட்டு இருக்கிறதா, கையைக் காக்கும் தடுப்பு முன்கட்டையில் (முன்கை பிடிக்கும் இடம்) இருக்கிறதா, அம்பை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங் உறுதியாக இருக்கிறதா என்று பாருங்கள். இந்த மூன்றும் இல்லாத மலிவு வில்லோடு உயரத்தில் ஏற வேண்டாம்.

அந்த ஸ்பிரிங்குக்குச் சமதரையில் பெரிய வேலை இல்லை. வில்லைச் செங்குத்தாகக் கீழே சாய்க்கும்போதுதான் அதன் அருமை தெரியும். பிடிப்பு தளர்ந்திருந்தால் அம்பு முன்னால் வழுக்கி, நாணுக்கும் அம்பின் பின்முனைக்கும் நடுவே இடைவெளி விழும். அந்த நிலையில் விசையை இழுத்தால் பூட்டு தடுக்கலாம், தடுக்காமலும் போகலாம். நாண் அம்பின் முதுகில் அடித்தால் அம்பு எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் சாய்த்த பிறகு அம்பு இடத்தில் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் கண்ணால் பாருங்கள்.

அம்பின் நீளம், எடை, நாக் (நாண் பொருந்தும் பின்முனை) வகை மூன்றும் வில்லின் கையேட்டில் சொன்னபடியே இருக்க வேண்டும். தட்டை நாக்கும் பிறை நாக்கும் ஒன்றுக்கொன்று மாற்று இல்லை. மூன்று இறகில் நிறம் மாறிய ஒன்று ரெயிலின் (அம்பு உட்காரும் நீள்தடத்தின்) குழிக்குள் கீழ்நோக்கி உட்கார வேண்டும். எய்யும் முன் அம்பை மெல்ல வளைத்துக் காதருகே வையுங்கள். நொறுங்கும் சத்தம் கேட்டால் அந்தக் கார்பன் அம்பை உடைத்துப் போட்டுவிடுங்கள். பயிற்சிக்கு மொட்டை முனை போதும்.

நாண் ஏற்றுவது

இதைத் தரையில் நின்று நன்றாகப் பழகிக்கொள்ள வேண்டும். 150 முதல் 200 பவுண்டு இழுவிசையைக் கையால் நேராக இழுத்தால் நாண் ஒரு பக்கம் கூடி, மறுபக்கம் குறைந்து வரும். அம்பு பக்கவாட்டில் விலகிப் போகும். நாண் ஏற்றுவதற்கென்றே உள்ள கொக்கிக் கயிறு வைத்து இழுத்தால் பாரம் ஏறத்தாழப் பாதியாகும், நடுவும் தப்பாது. வில் ஓய்வாக இருக்கும்போது ரெயிலின் இரண்டு ஓரத்திலும் நாணில் மார்க்கரால் கோடு போட்டு வையுங்கள். ஏற்றிய பிறகு இரண்டு கோடும் ரெயிலிலிருந்து சம தூரத்தில் இருந்தால் சரி. காலடி வளையத்தில் பாதத்தின் நடுப்பகுதி முழுதாக நுழைய வேண்டும், நுனிவிரல் மட்டும் போதாது. செருப்போடு இந்த வேலை வேண்டாம், ஷூ போட்டுக்கொள்ளுங்கள்.

கட்டைவிரல் எப்போதும் ரெயிலுக்குக் கீழேதான் இருக்க வேண்டும். நாண் போகும் பாதையில் விரல் நுனி தலைகாட்டினால் எலும்பு வரை போய்விடும். சமதரையில் பழக்கமாகக் கீழே இருக்கும் விரல், கீழ்நோக்கிச் சாயும்போது வில் வழுக்காமல் இருக்க இறுக்கிப் பிடித்து மேலே ஏறிவிடும். உயரத்தில் விரல் காயம் நேரும் வழி இதுதான்.

முதலில் சமதரையில்

ஸ்கோப்பைச் சரிசெய்வது சமதரையில், மூட்டை மேல் வில்லைத் தாங்கவைத்து, 20 கஜத்தில். மூன்று அம்பு, ஒவ்வொன்றும் தனிப்புள்ளியில். ஒரே புள்ளியில் எய்தால் அம்பு அம்பைப் பிளக்கும். மூன்றும் ஒரே பக்கம் விலகினால் திருகுங்கள், சிதறினால் திருகாதீர்கள். சிதறலுக்குக் காரணம் கை.

பல ஸ்கோப்பில் உள்ள கோடுகள் 20, 30, 40, 50 கஜத்துக்குப் போட்டவை. நாம் மீட்டரில் அளக்கிறோம், கஜம் மீட்டரைவிடச் சற்றுக் குறைவு. 40 மீட்டர் இலக்குக்கு 40 கஜக் கோட்டை வைத்தால், நொடிக்கு 350 அடி வேகமுள்ள வில்லில் அம்பு கிட்டத்தட்ட 6 செ.மீ. கீழே போகும். ஒன்று எல்லாவற்றையும் கஜத்தில் அளங்கள், இல்லையென்றால் கோடுகளை நீங்களே மீட்டருக்கு எய்து பார்த்து ஒரு சீட்டில் எழுதி, தோளில் வைக்கும் பிடிக்கட்டையில் ஒட்டிவிடுங்கள்.

மேலே ஏறுவது

மிளகு எடுக்கிறவர்களிடம் இதைக் கற்றுக்கொள்ளலாம். கண்ணேணியில் (ஒற்றை மூங்கில் ஏணி) ஏறி நாள் முழுக்க நிற்கிற பெரியவர் ஒருவர் சொன்னது: "மூணு எப்பவும் பிடியில இருக்கணும், தம்பி. ரெண்டு காலும் ஒரு கையும், இல்லே ரெண்டு கையும் ஒரு காலும். நாலாவதைத்தான் நகத்தணும்." இந்த விதி அப்படியே நமக்கும் பொருந்தும். கையில் வில்லைப் பிடித்துக்கொண்டு மூன்று பிடி கிடைக்காது. அதனால் வில் உங்களோடு ஏறக் கூடாது.

வரிசை இதுதான். உடல் முழுக்கக் கட்டும் பாதுகாப்பு வாரைத் தரையிலேயே மாட்டுங்கள். இடுப்பு பெல்ட் மட்டும் கட்டியவர் விழுந்தால் மூச்சு முட்டும். தரையை விட்டுக் காலெடுக்கும்போதே வாரின் கயிறு மரத்திலோ மேடைத் தூணிலோ மாட்டியிருக்க வேண்டும், மேலே போய்ச் சேர்ந்த பிறகு அல்ல. மேடையில் அதைத் தலைக்கு மேல் கட்டுங்கள். உட்கார்ந்தால் லேசாகத் தொய்வதுபோல நீளம் போதும். தொய்வு அதிகமாக இருந்தால் விழும் தூரமும் அதிகம். விழுந்து தொங்க நேர்ந்தால் தொடை வார் ரத்த ஓட்டத்தை அடைக்கும். கால்களை அசைத்தபடி இருங்கள், கால் வைத்து நிற்க ஒரு கயிற்று வளையத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே ஒருவர் எப்போதும் இருக்க வேண்டும். ஃபோன் உங்கள் உடம்பில் இருக்கட்டும், பையில் வேண்டாம்.

நீங்கள் உட்கார்ந்த பிறகு, நாண் ஏற்றாத, அம்பு வைக்காத வில்லைக் கயிற்றில் இழுத்து மேலே எடுங்கள். அம்புகள் முனை மூடிய கூட்டில் தனியாக வரட்டும். இறங்கும்போது தலைகீழ் வரிசை. நாண் ஏற்றிய வில்லோடு இறங்கவே கூடாது. மேடையின் அடியில் மண் நிரப்பிய சாக்கு ஒன்றை வைத்து, பழைய அம்பு ஒன்றை அதில் எய்து வில்லைத் தளர்த்தியபின் இறக்குங்கள்.

மேடையில் நாண் ஏற்றுவதற்குக் குனிய வேண்டும், குனிந்தால் நிலை தடுமாறும். உட்கார்ந்தபடி ஏற்றக் கைச்சுழற்சிக் கருவி உள்ள வில்தான் இங்கே வசதி. அது இல்லாவிட்டால் வாரின் கயிறு முதுகுப்பக்கம் இறுக்கமாக இருக்கும்படி நின்று ஏற்றுங்கள்.

தூரக் கணக்கு

அம்பைக் கீழே இழுப்பது புவியீர்ப்பு. அது செங்குத்தாக இழுக்கிறது. நீங்கள் சரிவில் அளக்கும் நீளம் சாய்தூரம். அம்பு எவ்வளவு விழுகிறது என்பதற்குக் கிடைத்தூரத்தையே எடுக்க வேண்டும், அதாவது உங்கள் காலடியிலிருந்து நூல் குண்டு விட்டு, அங்கிருந்து இலக்குவரை மட்டமாக அளக்கும் தூரம். ஏற்றமானாலும் இறக்கமானாலும் கிடைத்தூரம் சாய்தூரத்தைவிடக் குறைவு. அதனால்தான் இரண்டிலுமே அம்பு மேலே போகிறது. ஏற்றத்தில் எய்தால் கீழே விழும் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படியில்லை.

எண்ணில் பார்ப்போம். நொடிக்கு 350 அடி என்பது சுமார் 107 மீட்டர். காற்றுத்தடையை ஒதுக்கினால் அம்பு 20 மீட்டரில் 17 செ.மீ., 30 மீட்டரில் 39 செ.மீ., 40 மீட்டரில் 68 செ.மீ. இறங்குகிறது. இனி ஒரு பரணை எடுத்துக்கொள்ளுங்கள். கண் மட்டம் இலக்கைவிட 6 மீட்டர் உயரம், மரத்தடியிலிருந்து இலக்கு 20 மீட்டர். சாய்தூரம் 20.9 மீட்டர். வித்தியாசத்தைக் கண்டுகொள்ளாமல் எய்தால் அம்பு ஒரு செ.மீ.கூட உயராது. ஆக, பரணிலிருந்து எய்து ஒரு சாண் மேலே போனால் அதற்கு உயரம் காரணமே அல்ல. அங்கே உடம்பைத்தான் பார்க்க வேண்டும்.

சரிவில் நிலைமை வேறு. 40 மீட்டர் சாய்தூரம், 30 பாகை இறக்கம் என்றால் அம்பு 9 செ.மீ. உயரும். 45 பாகையில் 20 செ.மீ. உயரும். இந்த மலையில் அப்படிச் சரிவுகள் ஏராளம். சாய்தூரத்தை 15 பாகைக்கு 0.97, 20-க்கு 0.94, 30-க்கு 0.87, 45-க்கு 0.71 ஆல் பெருக்குங்கள். வரும் தூரத்துக்கான கோட்டை வைத்து எய்யுங்கள்.

கோணம் பார்க்கப் பள்ளிப் பிள்ளையின் பாகைமானி போதும். நடுத்துளையில் நூல் கட்டி, நுனியில் ஒரு நட்டைத் தொங்கவிடுங்கள். பாகைமானியின் நேர்விளிம்பை இலக்கை நோக்கிப் பிடித்தால் நூல் ஒரு எண்ணில் நிற்கும். 90-லிருந்து அது எவ்வளவு விலகியிருக்கிறதோ அதுதான் கோணம். கோணத்தைக் கணக்கிட்டுக் கிடைத்தூரத்தையே காட்டும் லேசர் கருவிகளும் உண்டு. நல்ல கருவிதான், ஆனால் மூடுபனியில் ஒளி பனியிலேயே பட்டுத் திரும்பித் தப்பான எண் காட்டும். காலையில் பனி இறங்குகிற நாட்களில் நாடா வைத்து அளந்து, கல்லில் சுண்ணாம்புக் குறி போட்டு வைத்ததே நம்பிக்கையானது.

இடுப்பு

கீழே எய்யும்போது எல்லோரும் கையைத் தாழ்த்துவார்கள். கை தாழ்ந்தால் பிடிக்கட்டை தோளில் நழுவும், கன்னம் கட்டையிலிருந்து எழும்பும், கண் ஸ்கோப்பின் நடுவை விட்டு மேலே போகும். குறி மையத்தில் இருப்பதுபோலத் தெரியும், அம்பு வேறெங்கோ போகும்.

முதலில் உங்கள் உயரத்துக்கு நேரே இருக்கும் ஒரு மரத்தை மட்டமாகக் குறிபாருங்கள். பிடிக்கட்டை தோள்குழியில், கன்னம் கட்டையில், ஸ்கோப்பின் வட்டம் முழுதாகத் தெரிய வேண்டும். இந்த அமைப்பைக் கலைக்காமல் இடுப்பிலிருந்து மட்டும் முன்னால் சாயுங்கள், இலக்கு குறிக்குள் வரும் வரை. தோளும் கழுத்தும் கையும் ஒரே கட்டாக இறங்க வேண்டும். குறுக்கு வில் முன்பாரம் உள்ளது, சாயும்போது ஆளையும் சேர்த்து இழுக்கும். அந்தப் பாரத்தை வாரின் கயிறு தாங்கட்டும், அதை நம்பிச் சாயலாம். உட்கார்ந்து எய்தால் முழங்கையை முழங்காலுக்குச் சற்று முன்னே சதையில் ஊன்றுங்கள். எலும்பின் மேல் எலும்பை வைத்தால் உருளும். மேடையின் கைப்பிடிக் கம்பியில் தாங்கவைப்பதானால் முன்கட்டையை வையுங்கள். வில்லின் கைகள் எதையும் தொடக் கூடாது. நாண் ஏற்றியபோது உள்ளே வளைந்திருக்கும் கைகள் எய்தவுடன் வெளியே விரியும். ஏற்றாத நிலையில் வில்லின் அகலம் எவ்வளவோ, அதற்கு மேல் இரண்டு பக்கமும் ஒரு சாண் காலியிடம் வேண்டும். மிளகுக்கொடி, கம்பி, மரத்தண்டு எதிலும் இடித்தால் வில்லும் போகும், உங்கள் முகமும் போகும்.

அடுத்தது சாய்வு. மலைச்சரிவில் தரை சாய்ந்திருக்கிறது, மரங்களும் பலதும் நேராக இல்லை. கண் அந்தச் சாய்வையே மட்டம் என்று எடுத்துக்கொண்டு வில்லை ஒருபக்கம் சரித்துவிடும். ஐந்து பாகை சரிந்தால் 40 மீட்டரில் அம்பு அந்தப் பக்கம் 6 செ.மீ. விலகும். ஸ்கோப்பின் மேல் ஒரு சின்ன ரசமட்டம் ஒட்டி, விசையைத் தொடும் முன் குமிழி நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். இந்த வழிகாட்டியில் சொன்ன எல்லாவற்றிலும் செலவு குறைந்ததும் பலன் உடனே தெரிவதும் இதுதான்.

அப்புறம் மூச்சு. பாதி விட்டு நிறுத்தி, விசையை மெல்ல அழுத்துங்கள். அம்பு இலக்கில் குத்தும் சத்தம் கேட்கும் வரை தலையைத் தூக்காதீர்கள்.

பழகும் வரிசை

சமதரையில் 20 மீட்டரில் ஒரு கைப்பிடி அகலத்துக்குள் விடாமல் எய்ய முடிந்த பிறகே சரிவுக்குப் போங்கள். முதலில் தரையில் நின்றே லேசான இறக்கம், அதன் பிறகு செங்குத்தான இறக்கம். ஏற்றத்தையும் அதே நாளில் எய்யுங்கள், இடுப்பு பின்னால் வளைவதும் பழகட்டும். பரண் கடைசி. பரணிலும் முதல் சில நாள் வில்லை எடுக்காமல் வாரை மாட்டி ஏறி இறங்கி, சாய்ந்து பார்த்துவிட்டு வாருங்கள். உயரப் பயம் உள்ளவருக்குக் கை நடுங்கும். பயம் போகும் முன் எவ்வளவு எய்தாலும் பலன் இல்லை.

ஒவ்வொரு நாளும் முதல் அம்பு எங்கே குத்தியது என்பதை மட்டும் தனியாக எழுதி வையுங்கள். பத்தாவது அம்புக்குள் யாரும் நன்றாக எய்வார்கள். உங்கள் திறமையின் உண்மையான அளவு அந்த முதல் அம்பு. களைத்தால் நிறுத்திவிடுங்கள்.

ஆனி, ஆடியில் கம்பமெட்டுக் காற்று சாதாரணமானதல்ல. பக்கக் காற்று வீசும் நாளில் 20 மீட்டருக்கு மேல் போகாமல், உடல் அமைப்பை மட்டும் பழகுங்கள். மேலே வெளிச்சத்தில் நீங்கள், கீழே நிழலில் இலக்கு என்றால் கண் பழக ஒரு நிமிடம் கொடுங்கள்.

மழைக்காலத்தில் நாண் நனைந்தால் கனக்கும், அம்பின் வேகம் குறையும். நாணுக்கு மெழுகை விரலால் சூடு வரும்வரை தேய்த்து ஏற்றுங்கள். ரெயிலுக்கு அதற்கான எண்ணெயை ஒரு சொட்டு மட்டும் விடுங்கள், தேங்காய் எண்ணெய் வேண்டாம், தூசியைப் பிடித்துப் பசையாகும். ரெயிலில் உரசும் நடுப்பகுதியில் சுற்றுநூல் பிரிந்தாலோ, நாணின் இழை ஒன்று அறுந்தாலோ அன்றைக்கே நாணை மாற்றுங்கள். வீட்டில் வில் எப்போதும் நாண் தளர்ந்த நிலையில், அம்பிலிருந்து பிரித்து, பிள்ளைகள் திறக்க முடியாத பூட்டுக்குள் இருக்கட்டும். சாவி அலமாரி மேல் வேண்டாம், உங்கள் இடுப்பிலேயே இருக்கட்டும்.